ஒச்சாயி மகள் போட்டோ எடுத்த கதை

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் சிவனம்மாள் படித்ததை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் ஊருக்குள்ளேயே இருந்தது. சம்பளம் கட்ட வேண்டியதில்லை. மணி அடித்ததும் ஓடிப்போய்த் தாயோடு வெங்காயக் காட்டில் களை எடுக்கலாம். 1953-ல் திண்டுக்கல் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், இடம் கிடைத்திருக்கிறது, போர்டிங்கிலேயே தங்கிப் படிக்கப் போகிறாள் என்று தெரிந்த பிறகுதான், சித்தையன்கோட்டைக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊருக்கு வாய் முளைத்தது. பிள்ளையைக் கிறிஸ்துவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்றார்கள். மாட்டுக்கறி ஆக்கிப் போடுவார்கள் என்றார்கள். அவளுடைய தாய்மாமன் நல்லுசாமி, பெண்பிள்ளை பாரம் படித்தால் கட்டிக்கொள்கிறவன் பாடு என்னாவது என்றான். கட்டிக்கொள்ளப் போகிறவன் தான்தான் என்ற நினைப்பு அவனுக்கு. அவளுக்கு வயது அப்போது பதினொன்று, அவனுக்கு முப்பது.

தாய் ஒச்சாயி மகளுடைய துணிமணியைத் தகரப்பெட்டியில் அடுக்கினாள். கிணறு வெட்டப் போன புருஷன் கருப்பணன் மண் சரிந்து செத்தபோது பிள்ளைக்கு நாலு வயது. அன்றைக்குச் சோறு போட வராத ஊர் இன்றைக்கு யோசனை சொல்ல வருகிறது என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்து மகளோடு பஸ் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தின் பெரிய மதர் பிரெஞ்சுக்காரி. தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர் என்பதால் புத்தகம் பேசுகிற மாதிரியே பேசுவார். சிவனம்மாளின் பள்ளிக்கூடச் சம்பளம், சாப்பாடு, துணிமணி எல்லாவற்றுக்கும் அயர்லாந்து என்கிற தேசத்திலிருந்து சில பெண்கள் பணம் அனுப்புகிறார்கள், வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது மட்டும்தான் இவள் செய்ய வேண்டியது என்று அவர் விளக்கினார். அந்தப் பெண்களைப் பெரிய பங்களாவில் குடையும் தொப்பியுமாக உலாவுகிற துரைசானிகள் என்று சிவனம்மாள் மனதுக்குள் வரைந்து வைத்துக்கொண்டாள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்கு நல்லபடியாகக் கடிதம் எழுதினாள். கணக்கில் முதல், இங்கிலீஷில் முதல், தையலில் மட்டும் கடைசி. அவள் வேதத்திலும் சேரவில்லை. மாட்டுக்கறியும் வரவில்லை. தினமும் சோற்றுக்கு வந்தது கத்தரிக்காய் வெஞ்சனம்தான்.

நாலாம் பாரம் படிக்கும்போது, 1956 கடைசியில், துரைசானிகளிடமிருந்து ஒரு ஆசை வந்தது. நாங்கள் படிக்க வைக்கிற பெண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். மதர் அந்தச் சமயம் விஷக்காய்ச்சலில் படுத்திருந்தார். ஆபீஸ் குமாஸ்தா ஒச்சாயிக்குச் சொல்லி அனுப்பினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திண்டுக்கல் சீமையில் அந்தக் காலத்தில் ஒருவர் ஆயுசில் ஒரு தடவை போட்டோ எடுத்தால் அதிகம். வெறுங்கழுத்தோடு யாரும் காமிரா முன்னால் போய் நிற்பதில்லை. நகை இருக்கிறவர்கள் போட்டுக்கொண்டு போவார்கள், இல்லாதவர்கள் நாலு வீட்டில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். கேட்பதில் வெட்கம் கிடையாது. கேட்காமல் மூளியாகப் போய் நின்றால்தான், நாங்களெல்லாம் ஊரில் எதற்கு இருக்கிறோம் என்று பெண்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஒச்சாயி கூலி வேலை பார்த்த தோட்டத்துக்காரி கண்ணம்மாள் தன் அட்டிகையைக் கழற்றிக் கொடுத்தாள். அடுத்த வீட்டு மாயக்காள் ஜிமிக்கி கொடுத்தாள். பலசரக்குக் கடை சுந்தரம்மாள் ஒரு ஜோடி வளையல் கொடுத்தாள். சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு வந்து விற்கும் அப்பாஸ், சின்னாளப்பட்டிப் பட்டுத் தாவணி ஒன்றை உருவிக் கொடுத்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்துவிடு அக்கா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். கலையாமல் எப்படிக் கட்டுவது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருந்த முத்துச்சாமி தன் பங்குக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை. பித்தளை ஒட்டியாணம், ஓடாத கைக்கடிகாரம், உள்ளே ஒன்றுமில்லாத ரேடியோப் பெட்டி எல்லாம் அவரிடம் இருந்தன. ஒட்டியாணத்தையும் கடிகாரத்தையும் கட்டிவிட்டு, ரேடியோமேல் கையை வைக்கச் சொல்லி, பின்னால் மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரையை இறக்கிவிட்டார். சிவனம்மாளுக்கு அட்டிகை குத்தியது, சிரிப்பும் வந்தது. ஒச்சாயி காமிராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மகளையே பார்த்தாள். தன் பிள்ளை இப்படி இருக்குமென்று அவளுக்கு அதுவரை தெரியாது. அன்று சாயங்காலமே எல்லா நகைகளும் அதனதன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. போட்டோ கடல் தாண்டிப் போனது.

பிப்ரவரியில் பதில் வந்தது. மரியாதையான கோபம் நிறைந்த கடிதம். இவ்வளவு தங்கமும், கடிகாரமும், ரேடியோவும், இப்படி ஒரு வீடும் உள்ள பெண்ணுக்கு எங்கள் பணம் எதற்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை, இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், உண்மையிலேயே இல்லாத ஒரு பிள்ளைக்கு இதைக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மதர் அதை வாசித்துக் காட்டியபோது சிவனம்மாளுக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு பயம் வந்தது. அடுத்த ஜூனில் ஐந்தாம் பாரம் கிடையாது. வெங்காயக் காடு, அப்புறம் நல்லுசாமி. அவ்வளவுதான் மிச்சம்.

தகவல் கேட்டு ஓடிவந்த ஒச்சாயி ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கையாலயே எம்புள்ள வாயில மண்ணள்ளிப் போட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். குமாஸ்தா நல்ல மனுஷர், அவர் ஒரு வழி சொன்னார். இன்னொரு போட்டோ எடுப்போம், கிழிந்த பாவாடை, எண்ணெய் வைக்காத தலை, ஓலைக் குடிசை முன்னால் நிறுத்தி எடுத்து அனுப்பினால் மனசு இரங்குவார்கள் என்றார். மதருக்கும் அது சரியென்றே பட்டது. ஒச்சாயி மறுநாளே பக்கத்து ஊரிலிருந்து ஒரு கிழிசலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டுத் தாவணி இரவல் வாங்கிய அதே கையில் இப்போது கந்தலையும் இரவல் வாங்க வேண்டியிருந்தது.

சிவனம்மாள் அந்தக் கிழிசலைத் தொடவில்லை. மதருக்கு முன்னால் அதுவரை குரலை உயர்த்தாதவள் அன்றைக்குப் பேசினாள்.

"இதுவும் எங்க வீட்டுத் துணி இல்ல மதர். நான் ஒருநாளும் கிழிஞ்சத உடுத்திப் பள்ளிக்கூடம் வந்ததில்ல. எங்காத்தா ராவு பகலா உழைச்சாலும் தச்சுத்தான் அனுப்பும். அந்தப் போட்டோ பொய்னா இது அதவிடப் பெரிய பொய். எனக்குப் படிப்பே இல்லாமப் போனாலும் நான் இப்பிடி நிக்கமாட்டேன்."

ஒச்சாயி மகளின் வாயைப் பொத்தப் போனாள். மதர் கை காட்டி அவளை நிறுத்தினார். பிறகு நீ என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேட்டார். அந்தப் பழைய போட்டோவிலேயே இன்னொரு பிரதி வேண்டும் என்றாள் சிவனம்மாள்.

முத்துச்சாமி ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். சிவனம்மாள் அதன்மேல் மையால் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டாள். பிறகு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினாள். தமிழில் சொன்னால் அது இப்படி இருந்தது:

"நீங்கள் என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் யாராவது பார்க்க வந்தால் இருப்பதிலேயே நல்லதை உடுத்தி நிற்போம். இல்லாவிட்டால் வந்தவரை மதிக்கவில்லை என்று ஆகும். எண் ஒன்று, அட்டிகை, கண்ணம்மாளுடையது. இரண்டு, ஜிமிக்கி, மாயக்காளுடையது. மூன்று, வளையல், சுந்தரம்மாளுடையது. நான்கு, தாவணி, அப்பாஸ் விற்பதற்கு வைத்திருந்தது, அதை அவர் இப்போது விற்றுவிட்டார். ஐந்து, ஒட்டியாணம், பித்தளை. ஆறு, கடிகாரம், ஓடாது. ஏழு, ரேடியோ, பாடாது, வெறும் பெட்டி. எட்டு, மாளிகை, துணியில் வரைந்தது, பின்னால் போனால் சுவர். இவையெல்லாம் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டன. எண் ஒன்பது, நடுவில் நிற்கும் பெண். அவள் ஒச்சாயியுடையவள். இரவல் இல்லை. அவளுக்குத்தான் நீங்கள் நான்கு வருஷமாகப் பணம் அனுப்பினீர்கள். அதற்கு நன்றி."

உதவியைத் தொடருங்கள் என்று ஒரு வரி கூட அதில் கிடையாது. மதர் அதில் ஏழு பிழைகள் கண்டுபிடித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். உறையில் போட்டு ஒட்டி அனுப்பச் சொன்னார்.

மார்ச் போனது. பதில் இல்லை. பரீட்சை முடிந்து ஏப்ரலில் சிவனம்மாள் தகரப்பெட்டியோடு ஊருக்கு வந்தாள். போர்டிங்கில் அவள் படுக்கிற இடத்தை வேறொரு பெண்ணுக்குக் குறித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். நல்லுசாமி புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஆவணியில் நல்ல நாள் இருக்கிறது என்று அக்காளிடம் சொல்லிவிட்டுப் போனான். ஒச்சாயியால் முடியாதென்று சொல்ல முடியவில்லை. தான் கெடுத்த காரியத்துக்குத் தான் எந்த வாயால் பேசுவது என்று இருந்தாள். தாயும் மகளும் வெங்காயக் காட்டில் அடுத்தடுத்த பாத்தியில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

மே மாதம் ஒரு நாள் உச்சி வெயிலில் பஸ்ஸிலிருந்து பெரிய மதர் இறங்கினார். வெள்ளை அங்கியும் கறுப்புக் குடையுமாக அவர் ரோட்டிலிருந்து நடந்துவரும்போது, ஊர் முழுக்க வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தது. பிள்ளையை வேதத்தில் சேர்க்கத்தான் வந்துவிட்டாள் என்று ஒருவன் சொன்னான். மதர் நேராக வரப்பில் ஏறி, தடுமாறி, யாரும் கை கொடுக்குமுன் சமாளித்துக்கொண்டு, காட்டுக்கு நடுவில் வந்து நின்றார்.

"ஒச்சாயி அம்மாள், உம்முடைய மகளை நான் திரும்பவும் அழைத்துப் போக வந்திருக்கிறேன். ஜூன் மாதம் வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை."

ஊரே கேட்க அவர் பதில் கடிதத்தை வாசித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். அயர்லாந்தில் இருந்தவர்கள் துரைசானிகளே இல்லை. சட்டை தைக்கிற மில்லில் கூலிக்குத் தைக்கும் பெண்கள், பதினோரு பேர். வாரா வாரம் தங்கள் கூலியிலிருந்து ஒதுக்கித்தான் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ரேடியோ இரண்டு வீட்டில்தான் இருக்கிறது, அதனால்தான் அப்படிக் கோபம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி பெஞ்சின்மேல் ஏறி நின்று சிவனம்மாளின் கடிதத்தை வாசித்தாளாம். கண்ணம்மாளின் அட்டிகையில் தொடங்கி எட்டாம் எண் வரைக்கும் மில்லே சிரித்ததாம். ஒன்பதாம் எண்ணுக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். இப்போது பதினோரு பேர் இருபத்தாறு பேராகிவிட்டோம், எண் ஒன்பது எவ்வளவு தூரம் படிப்பாளோ அவ்வளவு தூரம் படிக்கட்டும் என்று முடித்திருந்தார்கள்.

சிவனம்மாள் மண் ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. தன் அட்டிகை பேர் சீமைக் கடிதத்தில் வந்ததைக் கேட்ட கண்ணம்மாள், இன்னொரு தடவை அந்த இடத்தை வாசிக்கச் சொன்னாள். நல்லுசாமி ஆவணியைப் பற்றிப் பேச வாய் எடுத்தான். ஒச்சாயி நிமிர்ந்து நின்றாள்.

"தம்பி, நீ வேற எடம் பாரு. எம்புள்ள படிக்கப் போகுது."

அவன் பார்த்தான். அந்த ஆவணியிலேயே வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, எல்லோரையும் விடச் சந்தோஷமாக இருந்தான்.

1959-ல் சிவனம்மாள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். அந்த ஊரில் ஆணோ பெண்ணோ அதற்கு முன் ஒருவரும் அந்தப் படியைத் தாண்டியதில்லை. பிறகு இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி. 1961 ஜூனில் ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்து, முதல் மாதச் சம்பளமும் கைக்கு வந்தது. மில் பெண்கள், மேலே காலேஜுக்கும் அனுப்பட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டு அவள் பதில் எழுதினாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஒச்சாயி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சீமைக்காரிகளுக்கு என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள்.

"எனக்குப் போதும்னு எழுதிருக்கேன் ஆத்தா. எனக்குச் சம்பளம் வருது, இனிமே எனக்கு அனுப்ப வேணாம்னு. சிறுமலையில மொளகு பறிக்கிறவுக மக ஒண்ணு, சண்முகவள்ளின்னு, அஞ்சாவதோட நிக்கிது. அதுக்கு அனுப்பச் சொல்லிருக்கேன். பணம் போடுற இருபத்தேழாவது ஆளா என்னையும் சேத்துக்கங்கன்னு எழுதிருக்கேன்."

அம்மி நின்றது. ஒச்சாயி கையைக் கழுவிக்கொண்டு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"போதும்னு சொல்ற பாக்கியம் நம்ம வம்சத்துல ஒருத்தருக்கும் கெடச்சதில்ல தாயி. அந்த வரிய மட்டும் இன்னொருக்க வாசி."

சிவனம்மாள் வாசித்தாள்.