சேக்காளிக்கு வாங்கிய பைனாகுலர்

பைனாகுலர் வாங்கப்போகிறேன், கூட வா என்று சேக்காளி கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று இலஞ்சிக்கே திரும்பி, ஐந்தருவிக்குப் போகிற வழியில் காட்டை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு வாங்கியிருந்தான். பறவை பார்க்கிற என் கிறுக்கை ஊரே கேலி செய்யும். மருந்துக்கடையைத் திறக்காமல் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவன் என்று பெயர். அப்படிப்பட்டவனுக்கு இந்த வயதில் ஒரு துணை கிடைக்கிறதென்றால் சந்தோஷம் வராதா?

திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் பெரிதாக ஒன்றைக் காட்டினார், பத்து மடங்கு காட்டுமாம். நான் விடவில்லை. என்னிடம் இருப்பது அந்த ரகம்தான். வாங்கிய நாளிலிருந்து அதைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்டவெளிக்கு அது சரி. நம் காட்டுக்குள் எல்லாமே பக்கத்தில் இருக்கிறது, அதில் பார்த்தால் நாலு இலைதான் தெரியும், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். எட்டு மடங்கு போதும், முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தால் விடிகிற நேரத்து மங்கலிலும் துலக்கமாகத் தெரியும், சாரலில் உள்ளே ஆவி படியக்கூடாது என்று கடைக்காரருக்கே பாடம் நடத்தினேன்.

அவன் கேட்டதெல்லாம் வேறு மாதிரி இருந்தது. ஒரு கையால் தூக்கிப் பார்க்க முடியுமா? வெயில் பட்டால் மின்னுமா? நெஞ்சோடு சேர்த்துக் கட்ட வார் கிடைக்குமா, சட்டென்று விட்டாலும் சத்தம் போடாமல் கிடக்குமா? பட்டாளத்துக்காரன் புத்தி என்று நினைத்து எல்லாவற்றுக்கும் தேடித் தேடிப் பதில் சொன்னேன். ஒரு கையால் ஏன் பார்க்க வேண்டும், இன்னொரு கையில் என்ன இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், நான் அவ்வளவு பெரிய அறிவாளி.

தோப்பில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வில் பழகிக்கொண்டிருந்தான். கப்பி வைத்த புது மாதிரி வில். அம்புகளின் வாலில் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் இறகு. மூத்தோர் போட்டிக்குப் போகப்போவதாகச் சொன்னான். அதையும் நம்பினேன்.

பைனாகுலர் வாங்கிய வாரமே, யாருக்கும் காட்டாத இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். தோப்புக்கு மேலே ஓடை வளைகிற இடத்தில், விடியும்போது ஒரு பெட்டை மிளா குட்டியோடு தண்ணீர் குடிக்க வரும். மான்தான், ஆனால் மாடு கணக்காக ஆகிருதி. காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பாறையில் உட்கார வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொடுத்தேன். அவன் பைனாகுலரை இறக்கவே இல்லை. என்ன அழகுலே என்று மெதுவாகச் சொன்னான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆடியில் ஒருநாள் தூக்குச்சட்டியில் கறி கொண்டுவந்தான். அச்சன்புதூர் பக்கம் சொந்தக்காரர்கள் கோவிலில் கொடை விழா, கிடா வெட்டினார்கள் என்றான். கொடைக் கறியை எங்கள் பக்கம் யாரும் வேண்டாம் என்பதில்லை. எந்தக் கோவில், எந்தக் கிடா என்று துருவுவதும் இல்லை, சாமிக்குக் கொடுத்தது அல்லவா. குக்கரில் எத்தனை விசில் வந்தும் வேகமாட்டேன் என்கிறது என்று வீட்டுக்காரி முனகினாள். நேர்ந்துவிட்ட கிடா முத்தலாகத்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன். மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாள். மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கறி பிரமாதம் என்று அவனுக்குப் போன் போட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குப் போனேன். குட்டி மட்டும் வந்தது. தண்ணீரில் வாய் வைக்காமல் வந்த வழியையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அது போன பிறகு எதிர்க்கரைக்கு இறங்கிப் போனேன். சேற்றில் முறிந்த அம்பு ஒன்று கிடந்தது. வாலில் ஆரஞ்சு இறகு. நான் அவனை உட்காரச் சொன்ன பாறைக்கு நேர் எதிரே.

அம்பை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். பம்புசெட்டில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். இல்லை என்று மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன். மழுப்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் பயந்திருக்கிறான் என்று ஆறியிருப்பேன். அவன் சிரித்தான்.

"இப்பம் எதுக்குலே குதிக்க? எடத்தக் காட்டுனது நீ. பைனாகுலர் பாத்து வாங்கித் தந்தது நீ. கறியும் தின்னேல்லா, பிரமாதம்னு போன் போட்டுல்லா சொன்ன? குட்டி கொஞ்சம் தேறட்டும், அதுலயும் ஒனக்குப் பங்கு உண்டு."

தூக்குச்சட்டி எதற்கு வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பாசத்தில் வரவில்லை, என் வாயைக் கட்ட வந்திருக்கிறது. சாமி பேரைச் சொல்லி என் இலையில் வைத்திருக்கிறான், பாவி. போய்ச் சொன்னால் நானும் சேர்ந்து மாட்டுவேன் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குட்டி நாளைக்கும் அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும் என்பதும் தெரியும்.

வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை நேரே வனத்துறை அலுவலகத்துக்கு விட்டேன். இளவயது வனவர் ஒருவர் உட்காரச் சொன்னார். மேஜையில் அம்பை வைத்தேன். பாறை, பைனாகுலர், வில், அவன் பெயர் எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர், கறி என்ன ஆனது, யாருக்காவது விற்றானா என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்கும் வந்துது சார். ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்னேன். நல்லாத்தான் இருந்துது."