தையற்காரியின் தாளம்

அந்தத் தையற்காரிக்குக் கடை ஓய்ந்த நேரமெல்லாம் லேப்டாப்தான். கத்தரிக்கோல் வெட்டும் சத்தத்தையும் தையல் மெஷின் ஓட்டத்தையும் பதிவுசெய்து, லேப்டாப்பின் ஒவ்வொரு விசைக்கும் ஒரு தாள ஒலியாக அமைத்து வைத்திருந்தாள்.

அவள் கொழுந்தன் பாடும் கச்சேரியன்று டிரம்ஸ்காரருக்குக் கை சுளுக்கிக்கொண்டது. கொழுந்தன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"நான் வாசிக்கிறேன்" என்றாள் லேப்டாப்பைக் காட்டி.

"கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடும் அண்ணி. என் பாட்டுக்கு யார் வருவா?"

"அது தானா ஓடாது. என் விரல்தான் ஓட்டும். நீ தைரியமா பாடு."

மேடையில் கைதட்டல் கேட்டதும் கொழுந்தன் வழக்கம்போல வேகமெடுத்தான். விசைகளில் அவள் விரல்களும் கூடவே பறந்தன. ஓர் அடிகூடப் பிசகவில்லை. கூட்டம் எழுந்து ஆடியது.

"இனிமே எல்லாக் கச்சேரிக்கும் நீங்கதான் அண்ணி."

"கடைக்கு லீவு நாளா பார்த்து வை, வர்றேன்" என்றாள்.