கடித்த மிச்சம்

ஊசியக்கா இடுக்கியால் கடிபட்ட செருப்பின் நீலத் துண்டு ஒன்றைத் தூக்கி, விளக்குக்கு நேரே பிடித்து, அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். நகம் இரண்டு இடத்தில் தடுக்கி நின்றது. "கோரைப் பல்லு," என்று தமக்குள் சொல்லிக்கொண்டு, பழுப்புத் தாளில் வரைந்திருந்த பாதத்தின் பெருவிரல் பக்கம் அதை வைத்தார். பொருந்தவில்லை. திருப்பி வைத்தார். உட்கார்ந்துகொண்டது. அடுத்த துண்டு. "பின்பல்லு. நல்லா தேஞ்சிருக்கு. நாய்க்கு வயசு பத்துக்கு மேல இருக்குமே."

"பதினொண்ணு அக்கா," என்றார் எதிரே நின்ற பெண், மூக்கை உறிஞ்சியபடி.

"பதினோரு வயசுல செருப்பா? நல்லாருக்கு."

தெருவில் எல்லோருக்கும் அவர் ஊசியக்கா. செருப்பு, பை, பெல்ட் எது கிழிந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். முகம் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. எட்டு வருடமாக வந்துபோகும் என்னை நிமிர்ந்து பார்த்து "யாரு?" என்பார். செருப்பைக் கழற்றி மேசைமேல் வைத்ததும், "அட, நீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரிப்பார். குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் கோபக்காரர். முன்பக்கம் தேய்ந்திருந்தால் எப்போதும் தாமதமாகக் கிளம்பி ஓடுகிறவர். எந்தப் பக்கமும் தேயவில்லை என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்து பிறரை ஏவுகிறவர். இதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதால் இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் குறைந்துபோனார்கள்.

குறைந்ததை நாய்கள் நிரப்பிவிட்டன.

கடைக்கு அடுத்த கட்டடம் விலங்கு மருத்துவமனை. நடுவில் ஒரே சுவர். நாய் ஒரு செருப்பைத் தின்றுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தால், எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதைத்தான் டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பரும் துணியும் எக்ஸ்ரே படத்தில் சரியாக விழுவதில்லை. வீட்டுக்காரர்களைக் கேட்டால் "கொஞ்சம்தான் டாக்டர்" என்பார்கள். எல்லா வீட்டு நாயும் எப்போதும் கொஞ்சம்தான் தின்கிறது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், பொறுமை போன டாக்டர் ஒரு பை நிறையக் கந்தலை அள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "அக்கா, இதுல எது இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா?" ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "அட்டை இருக்கு, பட்டை இருக்கு. நடுவுல ஒரு வார் மட்டும் இல்ல. சுண்டுவிரல் நீளம்." நாயின் வயிற்றிலிருந்து எடுத்த வாரும் சுண்டுவிரல் நீளமே இருந்தது. சுவரில் பழைய மின்விசிறி இருந்த ஓட்டை அன்றிலிருந்து இரண்டு இடத்துக்கும் நடுவே ஜன்னலாகிவிட்டது.

இந்த வேலையை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் முறை இருக்கிறது. நாயோடு ஓடிவருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, "இன்னொரு கால் எங்க?" நாய்க்கு ஏதோ கால் போய்விட்டதாகப் பதறுகிறவர்களும் உண்டு. அவர் கேட்பது கடிபடாத செருப்பை. அதைத் தாளில் கவிழ்த்து வைத்துச் சுற்றி வரைந்தால், கடிபட்ட காலின் வடிவம் கிடைத்துவிடும். அதன்மேல் துண்டுகளை அடுக்குவார். வாந்தியில் வந்ததும் வேண்டும். "கழுவிக் கொண்டாங்க போதும். இதுல என்ன வெக்கம்? நீங்களா தின்னீங்க?"

மிச்சத்தை எடை போட்டுப் பார்த்தால் சுலபமாயிற்றே என்று நான் ஒருமுறை யோசனை சொன்னேன். "நனைஞ்ச பஞ்சு பொய் சொல்லும்ங்க," என்றார். "ஓரம் பொய் சொல்லாது."

ஷூ லேஸ், நூல், கயிறு எதையாவது காணோம் என்றால் மட்டும் தாளைத் தொடவே மாட்டார். உடனே சுவரைத் தட்டுவார். "ரப்பர் கொஞ்சம் காத்திருக்கும். கயிறு காத்திருக்காது, குடலச் சுருக்கிப்புடும். வாயிலயோ பின்னாலயோ நுனி தெரிஞ்சா தயவுசெஞ்சு இழுக்காதீங்க. அப்படியே தூக்கிட்டு உள்ள ஓடுங்க."

அன்று வந்திருந்தவர்கள் கணவனும் மனைவியும். செருப்பு மனைவியுடையது. தின்றது அவர்கள் வீட்டு வக்கீல். யார் எதைச் சொன்னாலும் எழுந்து நின்று ஆட்சேபிக்கும் நாய் என்பதால் அந்தப் பெயர். காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் சுருண்டு கிடந்தது. ஊசி போட்டபோதும் ஆட்சேபணை எழவில்லை. அதுதான் மனைவியை அழவைத்தது. படத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. காற்றாகவும் இருக்கலாம், ரப்பராகவும் இருக்கலாம்.

டாக்டர் ஓட்டை வழியே தலையை நீட்டினார். "நாலு மணி வரைக்கும் பாக்கறேன் அக்கா. பெரிய துண்டு ஏதாவது குறைஞ்சுதுன்னா வயித்தத் தொறந்தாகணும். முழுசா இருந்தா கத்தி வேண்டாம். காலைல வரைக்கும் இங்கயே வெச்சுப் பாத்துட்டு அனுப்பிடலாம்."

"இந்த வயசுல மயக்க ஊசியத் தாங்குவானா டாக்டர்?" என்று மனைவி கேட்டார். டாக்டர், "பாக்கலாம்மா," என்றார். அந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு இருபத்துமூன்று துண்டுகளும் தாளில் ஏறிவிட்டன. குதிகாலின் உள்பக்கம் மட்டும் ஓர் இடைவெளி. தீப்பெட்டி அளவு.

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எட்டிப் பார்த்து, "அவ்ளோ பெரிசா? சரி, நான் தயார் பண்றேன்," என்று திரும்பினார்.

"இருங்க தம்பி."

ஊசியக்கா அந்த இடைவெளியின் ஓரத்தில் நகத்தை ஓட்டினார். எங்கும் தடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டினார்.

"பல்லு பிய்க்கும். இது வழவழன்னு போகுது. இந்தா, இங்க ஆரம்பிச்சிருக்கு, கை நடுங்கிருக்கு. மறுபடி வெச்சு அறுத்திருக்கு." மனைவியிடம் கேட்டார்: "உங்க வீட்டு நாய் கத்தி புடிக்குமாம்மா?"

கேட்டது மனைவியை. பார்த்தது கணவரின் பாதங்களை. அவற்றில் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறி நின்றது.

"வாஷிங் மெஷின்..." என்றார் கணவர்.

"என்ன மெஷின்?"

"ஆடுது ஆடுதுன்னு சொன்னியே. ஒரு மூலைக்கு முட்டுக் குடுத்தேன். என்னோட பழைய செருப்புன்னு நெனச்சுதான் அறுத்தேன். ரெண்டும் நீலமா இருந்துச்சு."

"எப்போ?"

"ஒரு மூணு வாரம் இருக்கும்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு வாரமா நான் ஒரு பக்கமா சாஞ்சு நடக்கறேன்."

"ம்."

"எலும்பு தேஞ்சிருக்கும்னு சொல்லி, கால்சியம் மாத்திரை வாங்கிக் குடுத்தீங்களே."

"அது உடம்புக்கு நல்லதுதான்."

ஓட்டைக்கு அந்தப் பக்கம் டாக்டர் இருமுவதுபோல் ஒரு சத்தம் செய்தார். ஊசியக்கா சிரிக்கவில்லை. "சண்டைய வீட்ல வெச்சுக்கோங்க. எனக்கு அந்தத் துண்டு வேணும்."

"அதான் சொல்லிட்டேனே அக்கா. மெஷினுக்குக் கீழதான் இருக்கு."

"நீங்க சொல்றத எடுத்துத் தாள்ல வைக்க முடியாதுங்களே. கொண்டாங்க."

வீடு இரண்டு தெரு தள்ளி. கணவர் ஓடிய வேகத்தைப் பார்த்து, "முன்பக்கம் தேயறவரு," என்று ஊசியக்கா என்னிடம் மெல்லச் சொன்னார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தார். முழங்கால்வரை சோப்புத் தண்ணீர். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. நீலத் துண்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மெஷின் ஓடிட்டு இருந்துச்சு," என்றார் மூச்சு வாங்க.

"நான்தான் போட்டேன், வக்கீலோட விரிப்பத் தொவைக்க," என்றார் மனைவி. "நிறுத்திட்டுத்தான எடுத்தீங்க?"

"அவசரத்துல மறந்துட்டேன். துண்ட உருவினதும் அது பாட்டுக்குக் கிளம்பி நடந்து வந்து கதவ மறிச்சு நின்னுக்கிச்சு. அப்புறம்தான் நிறுத்தினேன். ஜன்னல் வழியாக் குதிச்சு வரேன்."

மனைவி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. கணவர் சந்தேகத்தோடு, "என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பார்த்தார். "பேசாதீங்க. கொஞ்ச நேரம் பேசாதீங்க," என்று மனைவி சேலை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூன்று வாரம் மெஷின் ஏறி நின்றதில் துண்டு நசுங்கி அட்டையாகியிருந்தது. அளவு சரியாக இல்லை என்று ஊசியக்கா முகம் சுளித்தார். வெந்நீரில் போட்டு எடுத்து, விரலால் நீவி, இடைவெளியில் வைத்தார். ஒரு பக்கம் துருத்தியது. திருப்பி வைத்தார். கத்தி நடுங்கிய இடத்தில் கத்தி நடுங்கிய இடம் போய் உட்கார்ந்தது.

"சரிதானே அக்கா?"

ஊசியக்கா முதல் துண்டிலிருந்து மறுபடி ஆரம்பித்து, இருபத்துநான்கு துண்டுகளின் ஓரத்தையும் நகத்தால் சுற்றி வந்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் டாக்டர் கையுறை போட்ட கைகளை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். கணவரின் காலிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

கடைசி ஓரத்தையும் பார்த்து முடித்தபின், துண்டுகள் நகராமல் இருக்கச் சிறு ஆணிகளால் தாளோடு பலகையில் குத்தினார். தாளின் மூலையில் பென்சிலால் "குறைவில்லை" என்று எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். ரப்பர்த் தூளை ஊதினார். பிறகு எழுந்து, பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல் விரல் பக்கம் ஒரு கையும் குதிகால் பக்கம் ஒரு கையும் தாங்கி, பலகை சாயாமல் ஓட்டை வழியே நீட்டினார்.

டாக்டர் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.