குப்புராஜ் அண்ணனின் நீலக் கறை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, குப்புராஜ் அண்ணனின் மகள் செல்வி, குன்னூரில் இருக்கும் என் பேனர் கடைக்கு வந்து ஒரு புகைப்படத்தை நீட்டினாள். "அக்கா, அப்பா போயிட்டாருங்க. விடியறப்ப நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்வளவுதான். மூணு மணிக்கு எடுக்கறோம். பேனர் நீங்கதான் அடிச்சுக் குடுக்கோணும்." சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். இறந்தவர்களின் முகத்தை ஆறுக்கு நாலு அடி அளவில் அச்சடிப்பதுதான் என் பிழைப்பு. ஆனாலும் அந்தப் படத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை.

உங்களில் பலருக்கு அவரை என் கடை மெக்கானிக்காகத்தான் தெரியும். அதற்கு முன்பு இருபது வருடம் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். இலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டியதும் வேலை கேட்டு வந்தார். அன்று என் பிரிண்டர் படுத்துக் கிடந்தது. கையில் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய பழைய மிஷின். அது போனால் கடையும் போச்சு. அண்ணன் அதைச் சுற்றி வந்தார், தொட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார். "இதுக்கு ஒண்ணுமில்லீங்க அம்மணி, குளுருது" என்றார். தன் தலையிலிருந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி மை டப்பாக்களின் மேல் மாட்டினார். சற்று நேரத்தில் மை இளகி மிஷின் ஓடியது. பின்னொரு நாள் கோவையிலிருந்து வந்த சர்வீஸ்காரர் அந்தக் குல்லாவைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்துவிட்டுக் கழற்றினார். சிறிது நேரத்தில் மிஷின் நின்றது. அவரே திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிய நாளில் ஈரம் கோத்த ஃப்ளெக்ஸ் ரோலை அப்படியே மிஷினில் ஏற்ற அண்ணன் விடமாட்டார். தரையில் விரித்துப் போட்டு, ஃபேக்டரியில் இலையைப் பதம் பார்ப்பதுபோல் ஓரத்தைக் கிள்ளிப் பார்ப்பார். "இன்னும் வாடலீங்க" என்பார். அவசரம் என்று யாராவது குதித்தால் போச்சு. "வாடாத இலைய உருட்டுவீங்களா? அப்புறம் இது மட்டும் என்னங்க?" தேயிலைக்காரர்கள் நிறைந்த ஊர், வாடும்வரை காத்திருப்பார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்களில் நீங்களும் இருப்பீர்கள்.

பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்களே, அந்த பேனரும் நம் கடையில் அடித்ததுதான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் வரைந்து கொடுத்தோம். அச்சில் மஞ்சளாக வந்தது. விவசாயிகளின் தலைவர் போஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. "முத்தின இலைன்னு ஃபேக்டரிக்காரன் தள்ளுறான். நீங்க பழுத்த இலையே அடிச்சு வெச்சிருக்கீங்க! இதைக் கட்டிட்டு எப்படிங்க விலை கேக்கறது?" பச்சைக்கென்று தனி மை கிடையாது, நீலமும் மஞ்சளும் சேரவேண்டும். நீல மையைத் தெளிக்கும் ஹெட்டில் துளைகள் அடைத்துக்கொண்டிருந்தன. சர்வீஸ்காரர் போனிலேயே, "ஹெட் போச்சு" என்று கைகழுவினார்.

அண்ணன் சிரிஞ்சில் திரவம் ஏற்றித் துளைகளைக் கழுவினார். பிறகு குளிரில் கெட்டியாகியிருந்த நீல மைப் பாட்டிலைத் தன் வெள்ளை ஸ்வெட்டருக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு அடைக்கோழி மாதிரி உட்கார்ந்துவிட்டார். சுடுதண்ணீரில் வைக்கலாமே என்றேன். "அது கண்ணு மண்ணு தெரியாம சூடேத்துமுங்க. ஒடம்புச் சூடுதான் பதம்." ஒரு மணி நேரம் கழித்து எழுந்தபோது ஸ்வெட்டரின் இடது நெஞ்சு முழுக்க நீலம். இருபது வருட ஃபிட்டருக்கு ஒரு மூடியை இறுக்கத் தெரியவில்லை! ஆனால் மிச்ச மையில் இலை பச்சைப் பசேலென்று வந்தது. போஜன் சிரிக்க, அண்ணனும் சிரிக்க, நான் ஒரு படம் எடுத்தேன்.

செல்வி கொண்டுவந்தது அந்தப் படம்தான். "மத்த போட்டோல எல்லாம் யாரையோ திட்டற மாதிரியே இருக்காருங்க" என்றாள்.

அன்றும் மஞ்சு. ஃப்ளெக்ஸை வாட விட்டு, அச்சடித்து, விரித்தேன். செல்வி உற்றுப் பார்த்தாள். "அக்கா, அப்பாவோட கறை எங்கீங்க?" வெள்ளை ஸ்வெட்டர் பளிச்சென்று இருந்தது. நீல ஹெட் மறுபடி அடைத்திருந்தது. "அம்மா பத்துத் தடவை தொவச்சும் போகலீங்க. நீங்க ஒரே தடவையில போக்கிட்டீங்க." அழுகையோடு சிரித்தாள்.

மணி பன்னிரண்டரை. ஹெட்டைக் கழுவினேன். மூடியை மூன்று முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, பாட்டிலை அக்குளில் இடுக்கி அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறந்தநாள் பேனருக்கு வந்த ஒருவர், "கை வலியாங்க?" என்று கேட்டார். "இல்லீங்க, அண்ணன் இல்ல" என்றேன். பாட்டிலை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குக் கறை வந்தது. அவர் வீட்டு வாசலில் பேனரைக் கட்டியதும் அண்ணி வெளியே வந்து வெகுநேரம் பார்த்தார். "இன்னும் போகல பாரு" என்று செல்வியிடம் சொன்னார். அழுதுகொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மிஷினைப் போட்டதும், அந்தப் படத்திலிருந்து உள்ளங்கையளவு கறையை மட்டும் முதலில் அடித்துப் பார்க்கிறேன். அது சரியாக வந்த பிறகுதான் மற்றவர்களின் முகத்தை அடிக்கிறேன்.