அம்மா காட்டிய கொழும்பு வழி

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் இல்லம் தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் வணக்கம்.

எதையும் வரிசைப்படுத்திச் சொல்வது என் வழக்கம். அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அந்த வரிசை கூடிவரவில்லை. ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, பெற்றவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்து சேர வேண்டுமே என்ற கவலை அது. அம்மாவின் வாழ்க்கையில் பாதி அந்தக் கவலைக்கு வழி தேடுவதில் கழிந்தது.

அம்மா சோழவந்தான் பக்கம் நெல்லும் வெற்றிலையும் விளையும் ஒரு சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தவர் ஓர் அண்ணன் மட்டுமே. அப்பாவைக் கைப்பிடித்து மதுரைக் கோச்சடைக்கு வந்தார். அப்பா அப்போது நகரப் பேருந்தில் நடத்துநர்.

மாமா வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தபோது தாத்தா இறந்துபோனார். மாமா மும்பையில் இறங்கி, சென்னைக்கு வேறு விமானம் பிடித்து, அங்கிருந்து பேருந்தில் மாட்டுத்தாவணி நிலையத்துக்கு வந்தார். அம்மா அங்கே போய்க் காத்திருந்தார்.

“அய்யாவ எடுத்தாச்சா?” என்று மாமா கேட்டாராம்.

அம்மா அவர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாராம். முந்தின நாள் மாலையே எல்லாம் முடிந்திருந்தது.

அதன் பிறகுதான் அம்மா கணினி கற்றுக்கொண்டு, சிம்மக்கல்லில் ஒரு மாடியறையில் விமானப் பயணச்சீட்டு எடுத்துக்கொடுக்கும் அலுவலகத்தைத் தொடங்கினார். “வீட்டுல ரெண்டு பேரும் டிக்கெட் கிழிக்கிறவுக. அவன் சிம்மக்கல்லுக்குக் கிழிக்கிறான், அவ சிங்கப்பூருக்குக் கிழிக்கிறா” என்று பெரியப்பா கேலி செய்வார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார்.

அம்மாவின் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பயணச்சீட்டு கேட்டு யார் வந்தாலும், எந்தத் தேதி என்பதைக் கடைசியில்தான் கேட்பார். முதல் கேள்வி, “போறது இருக்கட்டும். அவசரம்னா எப்படி வருவீக?” என்பதுதான். எந்த ஊரில் மாற வேண்டும், அங்கிருந்து அடுத்த விமானம் எது, அது இல்லாவிட்டால் எது என்று சொல்லிக்கொடுத்து, பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்வார். பிழையில்லாமல் சொன்னால்தான் சீட்டு கைக்கு வரும். மீசை வைத்த ஆட்கள் மேசைக்கு முன்னால் நின்று பாடம் ஒப்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனதும் உண்டு.

நான் பொறியியல் முடித்து ஒரு விமான நிறுவனத்தின் வழித்தடத் திட்டப் பிரிவில் சேர்ந்தபோது அம்மா மகிழ்ந்தார். ஆனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: வளைகுடாவின் பெரிய விமானங்கள் ஏன் மதுரைக்கு வரவில்லை? இரண்டு நாடுகள் ஒப்பந்தம் போடும்போது எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று ஊர்ப்பெயர்களை எழுதிக்கொள்கின்றன, பெயர் இல்லாத ஊரில் அயல்நாட்டு விமானம் இறங்க முடியாது, பல ஒப்பந்தங்களில் மதுரை இல்லை என்று விளக்கினேன். சில நாடுகளோடு திறந்த வான் ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே இத்தனை கட்டுப்பாடு இல்லை என்றும் சொன்னேன்.

“வானத்துக்கு எதுக்குடி பெர்மிட்டு?” என்றார் அம்மா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். “ரூட் பெர்மிட் இல்லாம எந்த வண்டி ஓடும்? நம்ம ஊருக்கு ஸ்டாப்பிங் போடல. அம்புட்டுத்தான்.”

நான் படித்துத் தேறியதை அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டதில் அம்மாவுக்குத் தாங்க முடியாத சிரிப்பு. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் அவர் விடவில்லை. தொலைபேசியில் நலம் விசாரித்து முடித்ததும், “நம்ம ஊரு பேர எழுதிட்டாகளா?” என்று கேட்பார்.

இலங்கையுடனான ஏற்பாடு தாராளமானது என்பதால் கொழும்பு விமானம் மதுரைக்கு வந்தது. உடனே அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் பறந்தார். ஊர் சுற்ற அல்ல. ஆங்கிலம் தெரியாத ஒருவர் அங்கே தனியாக விமானம் மாற முடியுமா என்று பார்க்க. மறுநாளே திரும்பிவிட்டார். “மாட்டுத்தாவணியில பஸ் மாறுறதவிட லேசு” என்று அறிவித்தார். அன்று முதல் வளைகுடா போகும் எல்லோருடைய பாடத்திலும் கொழும்பு சேர்ந்தது. பின்னர் நம் நாட்டு விமானம் ஒன்று அபுதாபிக்கு நேராகப் போகத் தொடங்கியது. ஆனால் அது வாரத்தில் சில நாட்கள் மட்டுமே. “நேர் வண்டி இல்லாத நாள்ல கொழும்பு வழி” என்று அம்மா திருத்திக்கொண்டார்.

அபுதாபியில் தம்பிக்கு வேலை கிடைத்தபோது அவனுக்கும் விலக்கு இல்லை. பெற்ற மகனை மற்றவர்களைப் போலவே மேசைக்கு முன்னால் நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னார். அவன் முகம் சிவந்துவிட்டது.

அம்மாவின் இதயம் தளரத் தொடங்கியபோது தம்பி விடுப்பில் வந்து உடனிருந்தான். சற்றுத் தேறியதும் அம்மாவே அவனை அனுப்பிவைத்தார். தயங்கி நின்றவனிடம், “வேலையப் பாருடா. வழிதான் தெரியும்ல” என்றார். அவனிடம் அவர் நேரில் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், வீட்டில், அப்பாவின் கையைப் பிடித்தபடி அம்மா அமைதியானார். அடுத்த நேரடி விமானம் ஞாயிற்றுக்கிழமைதான். தம்பியை அழைத்துச் செய்தியைச் சொன்னேன். நான் வழியைப் பற்றிப் பேச வாயெடுக்கும் முன்பே, “அக்கா, கொழும்பு வழியா வாரேன். எடுத்துறாதீங்க” என்றான்.

இங்கே வேறு சிக்கல். மறுநாள் சனிக்கிழமை. சனியன்று போகிறவர் துணை தேடுவார் என்று, அன்று எடுப்பதைப் பெரியவர்கள் விரும்பவில்லை; எடுத்தால் துணையாகப் பாடையில் ஒரு கோழியைக் கட்ட வேண்டும். இன்று மாலையே முடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அவர்கள் சொன்னதில் தவறில்லை, காலங்காலமான நம்பிக்கை அது. அப்பா யாரிடமும் வாதாடும் நிலையில் இல்லை. பெரியப்பாதான் எழுந்தார்.

“புள்ள வழியில இருக்கான். எம்புட்டு நேரமானாலும் அவன் வரட்டும். பாடையில கட்டுற கோழிய நான் கொண்டாரேன்.”

தெரு நண்பர்கள் குளிர்பெட்டி கொண்டுவரக் கிளம்பினார்கள்.

சனிக்கிழமை காலை மாமா, யாரும் சொல்லாமலே விமான நிலையத்துக்குப் புறப்பட்டுப் போனார். வெளியே வந்த தம்பி அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“அம்மாவ எடுத்தாச்சா மாமா?”

“இல்ல மாப்ள. உனக்காகத்தான் வச்சிருக்கு. வா.”

இதைச் சொல்லிவிட்டு மாமா அவன் தோளில் சாய்ந்து அழுததாகத் தம்பி சொன்னான். தாத்தாவுக்கு அழ முடியாமல் போனதையும் சேர்த்து அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். அன்று நண்பகலில் தம்பி தன் கையால் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் இந்த வீடு என்றும் கடமைப்பட்டது. தம் நம்பிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்த ஊர்ப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். அம்மாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், குளிர்பெட்டியோடு வந்து கடைசிவரை உடனிருந்த தெரு நண்பர்களுக்கும் நன்றி. எங்கோ ஓர் அறையில் அமர்ந்து இரண்டு நாடுகளின் வானத்தைத் திறந்துவிட்டவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் எங்கள் நன்றி. அம்மா கேட்ட மற்ற ஒப்பந்தங்களில் மதுரையின் பெயர் இன்னும் ஏறவில்லை. ஏறும் நாளில் அப்பாவிடம் முதலில் சொல்வேன்.

ஓய்வுபெற்ற அப்பாதான் இப்போது சிம்மக்கல் மாடியறையில் அமர்கிறார். கணினியில் அவர் கை மெதுவாகத்தான் நகரும். வருபவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். சென்ற வாரம் நான் போயிருந்தபோது, புதிதாக வேலை கிடைத்த ஒரு பெண் பயணச்சீட்டு எடுக்க வந்து, தேதியைச் சொல்லத் தொடங்கினார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“போறது இருக்கட்டும்மா. அவசரம்னா எப்படி வருவ?”