மச்சானின் கடைவாய்ப் பல்

என் அக்காவின் கணவரான மச்சானுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமயில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். பெயின்ட் வாங்க வருகிறவனின் சீனி வியாதிக்கும் அவன் மகளுடைய படிப்புக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லித்தான் அனுப்புவார். இப்படிப்பட்டவர், கடைவாய்ப் பல்லில் வலி வந்தபோது மூன்று நாள் கராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்துவிட்டு, நான்காம் நாள் எனக்குப் போன் எடுத்தார். நான் கண்டியில் கணக்குப் படிப்பிக்கிறேன்.

"பல் டாக்டர்கிட்ட சும்மா தொணைக்கு வாங்க. எனக்கு ஒன்னும் பயமில்ல."

பயத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

கண்டியில் இருந்த டாக்டர் ஓர் இளம் பெண். உள்ளே நுழைந்ததும், "பெரிய டாக்டர் இல்லையா?" என்றார் மச்சான். "நான்தான் டாக்டர், உக்காருங்க," என்று அந்தப் பெண் கதிரையைக் காட்டினார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லுக்குள் நரம்பு அழுகிவிட்டது, அதை எடுத்து வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்று சொன்னார். ஊசி ஏறியபோது மச்சான் என் மணிக்கட்டில் பதித்த நகத் தடம் இரண்டு நாள் இருந்தது. அதன்பிறகு வலிக்கவில்லை. வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனார்.

முடிந்ததும் டாக்டர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "விறைப்பு போற வரைக்கும் ஒன்னும் சாப்பிடாதீங்க, கன்னத்தக் கடிச்சிருவீங்க. ரெண்டு மூனு நாளைக்கு லேசா வலிக்கும், அது பரவாயில்ல. வீங்கினா ஒடனே வாங்க. இப்ப போட்டிருக்கிறது தற்காலிக அடைப்புதான். வலி இல்லன்னு வராம இருந்துறாதீங்க. அடுத்த கிழமையும் வரணும், கடைசியா பல்லுக்கு மேல உறை போடணும்."

மச்சான் முதலாம் வகுப்புப் பிள்ளையைப் போல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பஸ் நிலையத்தில் கச்சான் கடலை வாங்கித் தின்று கன்னத்தை இரத்தம் வரக் கடித்துக்கொண்டார். டாக்டரின் ஊசி சரியில்லையாம்.

அடுத்த கிழமை போகவில்லை. வலி போய்விட்டதே. கடைக்கு வருகிறவர்களிடம், "நரம்பையே எடுத்தாச்சு, இனி வலிக்க என்ன இருக்கு? வேலையில்லாம அந்தப் புள்ள நம்மளத் திரும்பத் திரும்பக் கூப்பிடுது," என்று பிரசங்கம் செய்தார். சிமெந்து மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்குப் பல்வலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது, "எனக்கும் அந்த டாக்டரக் காட்டுவமா?" என்று கேட்டாள்.

"ஒனக்கு எதுக்கு அதெல்லாம்? யாரு கண்டிக்கு நாலு தடவ அலையிறது? புடுங்கிட்டு வந்துரு."

நானும் அந்த மேசையில்தான் இருந்தேன். பிடுங்காமல் காப்பாற்ற வழி இருக்கலாம், ஒருமுறை காட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்க முடியும். நான் இன்னும் கொஞ்சம் பலாக்காய்க் கறி போட்டுக்கொண்டேன். மச்சானை நான் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ, அந்த மத்தியானத்து என்னை அதைவிடக் கேவலமாக நினைக்கிறேன். அக்கா போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு காலையில் மச்சானின் முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் பாதி மூடிப்போயிருந்தது. காய்ச்சல் வேறு. வேன் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனோம். "டாக்டரம்மா, எப்படியாவது பாருங்க," என்று கும்பிட்டார். பெரிய டாக்டரை யாரும் கேட்கவில்லை.

டாக்டர் ஏசவில்லை. "அடைப்பு தேஞ்சு கிருமி உள்ள போயிருச்சு. நரம்பு இல்லாததால ஒங்களுக்கு ஆரம்பத்துல தெரியல. வலி நின்னதும் பல் சுகமாயிருச்சுன்னு நெனச்சிட்டீங்க," என்று மட்டும் சொன்னார். சீழை எடுத்து, மருந்து கொடுத்தார். அதன்பின் மச்சான் ஒரு நாளையும் தவறவிடவில்லை. உறையும் போட்டுக்கொண்டார்.

வெட்கப்பட்டாரா? இல்லை. இப்போது கடையில் புதுப் பிரசங்கம். "நரம்பெடுத்த பல்லு காஞ்ச வெறகு மாதிரி. உறை போடாட்டி ரெண்டாப் பொளந்துரும். பாதியில விட்றவன் மடையன்." டாக்டர் சொன்ன வார்த்தைகளைத் தான் கண்டுபிடித்ததைப் போலச் சொல்வார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். அவள் ஒரு பக்கத்தால்தான் மெல்லுவாள் என்பதை அவர் கவனித்ததில்லை.

போன வருடம் அக்காவுக்கு அந்த மெல்லுகிற பக்கத்திலும் ஒரு பல் வலித்தது. எனக்குப் போன் எடுத்தாள். "தம்பி, அந்த டாக்டரம்மா நம்பரத் தா. அவர்கிட்ட சொல்லாத." துணைக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். ஒவ்வொரு முறையும் தனியாகப் பஸ் ஏறிப் போனாள். உறை போடும்வரை அந்தப் பல்லில் கடினமானது எதையும் கடிக்கவில்லை. மிருதுவான சோறும் பருப்புமாகச் சமாளித்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு மாலை என் முன்னாலேயே மச்சானிடம் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றார் அவர்.

"ஒரு தடவ கேட்டேன். அந்தப் பல்லு இப்ப இல்ல."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. அவர் உறையின் ஓரத்தை எப்படித் தேய்க்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். அக்கா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் என் பக்கம் திரும்பினார். நானும் எழுந்துவிட்டேன்.