குழாயில் உறையாத ரத்தம்

புன்னைக்காயலில் கடல்வேலை பார்க்கும் குடும்பத்தில் பிறந்த ஜாய்சி, 1997-இல் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ரத்தத்தை உறையவைக்கும் நொதிக்குத் திராம்பின் என்று பெயர். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து அவள் உண்டாக்கிய சிறு சங்கிலி, அதாவது ஒரு செயற்கைப் பெப்டைடு, அந்த நொதியின் வாயில் போய் அடைத்துக்கொண்டது. சோதனைக் குழாயிலிருந்த ரத்தம் உறையவேயில்லை.

நாளிதழ்க்காரர் ஒருவர் விசாரித்துப் போய், ‘ரத்தக்கட்டுக்குப் புது மருந்து’ என்று அவள் படத்தோடு போட்டுவிட்டார். மருந்தில்லை, வெறும் சோதனைதான் என்று அவள் திருத்தியிருக்கலாம். ஊரே தன்னைப் பேசுகிறது என்று கேள்விப்பட்டபோது அதற்கு மனம் வரவில்லை. இனித்தது.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் பாக்கியம் அத்தை ஆய்வக வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் வளன் மாமா சுவரைப் பிடித்தபடி நின்றார். இடது கால் வீங்கிப் பளபளத்தது. காலுக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று தூத்துக்குடி டாக்டர் சொல்லியும் மாமா கேட்கவில்லையாம். வீட்டில் கிடந்து வலி பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நேரே இங்கே பஸ் ஏறியிருக்கிறார்.

“ஊரான் மருந்து எனக்கெதுக்கு? உன் மருந்தக் குடு மருமவளே.”

 ஜாய்சியிடம் இருந்தது ஒரு சிட்டிகை வெள்ளைத்தூள். எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்த்ததில்லை. உடம்புக்குள் போனால் மற்ற நொதிகள் அந்தச் சங்கிலியை நறுக்கிப் போட்டுவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“அது மருந்து இல்ல மாமா. பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாவ. தெரிஞ்சும் நான் பேசாம இருந்திட்டேன்.”

அத்தை அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மாமாவின் தோளைத் தாங்கிப் பிடித்தாள். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜாய்சிக்கு.

ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ரத்தக்கட்டு நெஞ்சுக்கு ஏறியிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். ரத்தக்கட்டுக்குக் காலங்காலமாகப் புழங்கும் ஹெப்பாரின் ஊசிதான் மாமாவைக் காப்பாற்றியது. உயிர் தப்பியதே ஒழிய, நாள் கடந்துபோனதால் கால் பழையபடி ஆகவில்லை. அதன்பிறகு அவர் கடலுக்குப் போக வள்ளம் ஏறவுமில்லை.

மாமா அவள்மேல் ஒரு குறையும் சொன்னதில்லை. விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போனால், வீட்டுக்கு வருகிறவர்களிடம், ரத்தக்கட்டுக்கு மருந்து கண்டுபிடித்த மருமகள் என்றே சொல்லுவார். இல்லை என்று அவள் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்தபடி மறுப்பாள். அவர் சிரித்துக்கொண்டே, வீங்கிய காலைப் பைய நீட்டி உட்காருவார்.